கணப்பு உள்ள வீட்டில் நுரையீரல் நோயாளி

ஐப்பசி பிறந்துவிட்டால், மலையிலிருந்து எங்கள் நுரையீரல் நோய்ப் பிரிவுக்கு இறங்கிவரும் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கின்றனர். "வீட்டில் பழைய ஃபயர்பிளேஸ் இருக்கிறது. அதற்குள் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு விறகடுப்பைப் பொருத்தித் தருகிறோம் என்கிறார்கள். அப்பாவுக்கு மூச்சுத்திணறல் இருக்கிறது, பொருத்தலாமா?" உதகை, குன்னூர், கொடைக்கானல் பகுதிகளில் பழைய பங்களாக்களில் வாழ்வோரும், அவற்றை வாங்கிப் புதுப்பிப்போரும் இதைக் கேட்பது இயல்பே. திறந்த கணப்பைவிட இவ்வகை அடுப்பு பலமடங்கு மேலானது. ஆயினும் நுரையீரல் நோயாளி வாழும் வீட்டில் அதன் நன்மை தீமையைத் தீர்மானிப்பது அடுப்பன்று. அதற்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் செல்லும் புகைவழியே ஆகும். விற்பனை செய்வோர் அடுப்பைப் பற்றி நிறையப் பேசுவர். புகைவழியைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுவர். ஆகவே அதைச் சற்று விரிவாக எழுத விழைகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். குளிரைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எந்த நோயாளியிடமும் நான் கூறுவதில்லை. குளிர்ந்த காற்று மூச்சுக்குழல்களைச் சுருங்கச் செய்கிறது. இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுவசதி நெறிமுறைகள், குளிர்காலத்தில் வீட்டினுள் வெப்பநிலை 18 டிகிரி செல்சியசுக்குக் குறையாதிருப்பது நல்லது என்கின்றன. முதியோருக்கும் நாட்பட்ட நோயுள்ளோருக்கும் அதனினும் கூடுதலாகத் தேவைப்படலாம். மார்கழி, தை மாதங்களில் உறைபனி படியும் உதகையின் இரவில் கல்சுவர் வீட்டை அந்த அளவிற்கு வெதுவெதுப்பாக வைத்திருப்பது எளிதன்று. வெப்பம் வேண்டும், அதனை எவ்வாறு பெறுவது என்பதே கேள்வி.

திறந்த கணப்பு கண்ணுக்கு அழகு; வெப்பத்திற்கு வீண். விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் அறைக்குள் நிற்கும். எஞ்சியது புகைபோக்கி வழியே வானத்திற்குப் போய்விடும். போகும்போது அறையின் வெதுவெதுப்பான காற்றையும் தன்னோடு இழுத்துச் செல்லும். இதனைத் திருத்த முயன்றவர்களுள் ஒருவர் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின். 1740களின் தொடக்கத்தில் அவர் கணப்புக்குள் வைக்கத்தக்க இரும்பு அடுப்பொன்றை வடிவமைத்தார். அதில் புகை கீழிறங்கிப் பின்னர் மேலேற வேண்டியிருந்தது. புகைபோக்கியின் இழுவை அதற்குப் போதவில்லை. பிற்காலத்தவர் அவ்வமைப்பை மாற்றிய பின்னரே அது நன்கு பயன்பட்டது. இழுவை சரியில்லையெனில் எத்துணை நல்ல அடுப்பாயினும் பயனில்லை என்பதற்கு அவருடைய அடுப்பே போதிய சான்று.

இன்று 'இன்சர்ட்' என்ற பெயரில் விற்கப்படுவது, பழைய கணப்பின் வாய்க்குள் அடங்கும் வார்ப்பிரும்பு அல்லது எஃகுப் பெட்டி. வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கதவும், கதவின் விளிம்பில் காற்றுப் புகாதபடி கயிறு போன்ற அடைப்பானும், காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கைப்பிடியும் இருக்கும். நல்ல அடுப்புகளில் மேற்புறமாகச் சூடான காற்று மீண்டும் செலுத்தப்பட்டு, எரியாது தப்பும் புகையும் எரிக்கப்படுகிறது. இதனால் விறகின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலுமோ அறைக்குக் கிட்டும், விறகும் மிச்சமாகும்.

புகைவழி

பழைய பங்களாவின் புகைபோக்கி, பெருந்தீக்கெனக் கட்டப்பட்ட அகன்ற செங்கல் வழி. உள்ளே சுண்ணாம்புச் சாந்து. நூறாண்டு மழைக்கும் குளிருக்கும் பின்னர் அச்சாந்து பல இடங்களில் உதிர்ந்திருக்கும். மேலும், இரண்டு மூன்று அறைகளின் கணப்புகள் ஒரே புகைபோக்கித் தூணுக்குள் தனித்தனி வழிகளாக மேலேறுவது அக்காலத்து வழக்கம். அவ்வழிகளைப் பிரிக்கும் செங்கல் தடுப்பில் விரிசல் விழுந்துவிட்டால், வரவேற்பறையில் எரியும் விறகின் புகை பக்கத்துப் படுக்கையறையின் மூடிக்கிடக்கும் கணப்பு வழியே இறங்கக்கூடும். வரவேற்பறையில் அமர்ந்திருப்போர்க்கு எதுவும் தெரியாது. மூச்சுத்திணறலுள்ள பெரியவரோ அந்தப் படுக்கையறையில் உறங்கிக்கொண்டிருப்பார்.

செலவைக் குறைக்க எண்ணுவோர், இரும்புப் பெட்டியைக் கணப்புக்குள் தள்ளி, சுற்றிலும் பூசி, புகையைப் பழைய அகன்ற வழிக்குள்ளேயே விட்டுவிடுவதுண்டு. இதனை நான் முற்றாக மறுக்கிறேன். இன்சர்ட்டிலிருந்து வெளியேறும் புகை அளவில் சிறியது. திறந்த தீயின் புகையைவிடக் குளிர்ந்தது. அகன்ற செங்கல் வழிக்குள் புகுந்ததும் அது மேலும் குளிர்ந்து வேகம் இழக்கிறது. வேகம் இழந்த புகை, தார் போன்ற கிரியோசோட்டாகச் சுவரில் படிகிறது. அப்படிவு ஒருநாள் தீப்பற்றினால் புகைபோக்கி முழுவதும் எரியும். தீப்பற்றாவிடினும், இழுவை தளரும்போதெல்லாம் புகை அறைக்குள் திரும்பும்.

இதற்குத் தீர்வு, அடுப்பின் கழுத்திலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை இணைப்பு விடாமல் செல்லும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய். லைனர் என்பார்கள். சிறு அடுப்புகளுக்குப் பெரும்பாலும் 150 மில்லிமீட்டர் விட்டம். சரியான அளவு அடுப்புத் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். குழாயைச் சுற்றி வெப்பக் காப்புப் போர்வை இருப்பின் புகை சூடு குறையாமல் மேலேறும். கணப்பின் தொண்டைப்பகுதியில் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை உலோகத் தகட்டால் அடைத்துவிட வேண்டும்; உச்சியில் மழைமூடி வேண்டும். புகைபோக்கியின் உயரத்திற்கு அமெரிக்காவில் ஓர் எளிய விதி உண்டு: கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம், 10 அடிச் சுற்றளவுக்குள் உள்ள எதனைவிடவும் 2 அடி கூடுதல் உயரம். பின்னாளில் மாடி எழுப்பிய வீடுகளில் இவ்விதி மீறப்பட்டிருப்பது வழக்கம். குழாய் பொருத்துவதற்கு முன்னர், பழைய வழியைத் துலக்கிப் புகைச் சோதனை செய்து காட்டுமாறு கேளுங்கள். கீழே புகையெழுப்பி உச்சியை மூடினால், எந்த அறையில் கசிகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொன்று, காற்று. எரியும் தீ அறையிலிருந்து காற்றை எடுத்துக்கொண்டே இருக்கும். பழைய மரச் சன்னல்களின் இடுக்குகள் அதனை ஈடுசெய்தன. இன்று அவற்றைக் காற்றுப் புகாத யுபிவிசி சன்னல்களாக மாற்றிவிட்டு, சமையலறையில் மின் புகைபோக்கியும் குளியலறையில் எக்சாஸ்ட் விசிறியும் வைத்துவிடுகிறோம். விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வீடு வேறெங்கிருந்தாவது காற்றை இழுக்கும்; கணப்பின் புகைவழியே பெரும்பாலும் அதற்கு எளிய வழி. அடுப்பு எரியும்போது அவ்விசிறிகளை நிறுத்திவையுங்கள். சுவரில் அடைபடாத காற்றுத் துளை ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அடுப்பே நல்லது என்ற எண்ணமும் தவறு. அறைக்கு மிஞ்சிய அடுப்பை வாங்கியவர், வெப்பம் தாங்காமல் காற்றுக் கைப்பிடியைக் குறைத்துத் தீயை மந்தமாக்குவார். மந்தமாக எரியும் தீயே அதிகப் புகையும் அதிக கார்பன் மோனாக்சைடும் தருவது. பிரிட்டனில், அறையின் கனஅளவைக் கனமீட்டரில் கண்டு 14ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் கிட்டும் என்று தோராயமாகக் கணக்கிடுவர். ஐந்து மீட்டர் நீள அகலமும் மூன்றரை மீட்டர் உயரமும் கொண்ட அறைக்கு ஏறக்குறைய ஆறு கிலோவாட். இரவு முழுதும் அணையாதிருக்கக் காற்றை அடைத்துவிட்டு உறங்கும் பழக்கத்தையும் நோயாளி உள்ள வீட்டில் கைவிட வேண்டும்.

விறகு

பச்சை விறகின் எடையில் பாதி வரை நீர் இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே தீயின் வலிமை கழிந்துவிடும், மிஞ்சுவது புகை. ஈரப்பதம் 20 விழுக்காட்டிற்குக் கீழ் இருத்தல் வேண்டும். ஈரப்பதமானி என்னும் சிறு கருவியால் இதனை அறியலாம். விறகைப் புதிதாகப் பிளந்து உட்புறத்தில் குத்திப் பார்க்க வேண்டும், வெளிப்புறத்தில் அன்று. நீலகிரியில் கிடைப்பவை பெரும்பாலும் சீகையும் கற்பூரமரமும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் நனைக்கும் மலையில் விறகு காய்வது எளிதன்று. பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் கூரையிட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டு ஓராண்டாவது காயவிடுங்கள். கார்த்திகையில் வாங்கி மார்கழியில் எரிக்கும் விறகு, நோயாளிக்குரிய விறகன்று. ஒட்டுப்பலகை, வண்ணம் பூசிய மரம், பிளாஸ்டிக் ஆகியவற்றை ஒருபோதும் இடாதீர்கள்.

நன்கு பொருத்திய அடுப்பும் விறகிடக் கதவைத் திறக்கும்போது சிறிது புகையை அறைக்குள் விடும். இரண்டரை மைக்ரான் அளவிலான நுண்துகள் ஒரு நாள் சராசரியாகக் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு நெறி. இந்தியத் தர அளவு 60. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் கட்டுப்படாத ஆஸ்துமாவும் உள்ளோர், விறகிடும் பொழுது அறையில் இருக்க வேண்டாம். வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியோ உருளையோ பயன்படுத்துவோர்க்கு என் அறிவுரை இன்னும் கண்டிப்பானது: அவர்கள் வசிக்கும் அறையில் விறகுத் தீயே கூடாது. ஆக்சிஜன் குழாயும் அதனை அணிந்தவரும் எந்தத் தீயிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும். எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் அவர்களுக்கு உகந்தது. மழைக்காலத்தில் மின்தடை வருமே என்பீர்கள். உண்மைதான், அந்நேரத்திற்குக் கனத்த போர்வையும் வெந்நீர்ப் பையும் போதும். மின்தடையில் செறிவூட்டியும் நின்றுவிடும் என்பதால், மாற்று உருளை ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மணமற்ற வாயு

கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் காலையில் எழாமற்போன செய்திகள் மலைப்பகுதிகளிலிருந்து வந்திருக்கின்றன. காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் சமவெளியைவிட முன்னரே குறைவு என்பதையும் நினைவிற்கொள்க. புகைவழி அடைபட்ட இன்சர்ட்டும், வீட்டினுள் வாளியில் வைத்த சாம்பலும் அதே வாயுவைத் தரும். சாம்பலுக்குள் கனல் ஓரிரு நாட்களுக்கும் மேலாக உயிரோடிருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் வீட்டிற்கு வெளியே வையுங்கள்.

அடுப்பு பொருத்தும் அன்றே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் பொருத்துங்கள். அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தொலைவில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. ஆண்டுதோறும் உறைபனிக் காலத்திற்கு முன் புகைவழியைத் துலக்குதல் கட்டாயம்.

அறிகுறிகள் எளிதில் ஏமாற்றும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி. வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தோன்றுவதும், வெளியே போனால் தணிந்து வீடு திரும்பினால் மீள்வதும் முக்கியமான குறிப்புகள். இங்கே ஓர் ஆபத்து உண்டு. கொரோனாக் காலத்தில் நாம் வாங்கிவைத்த பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்நேரத்தில் பொய் சொல்லும். கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் பற்றியதாகவே கருதிவிடுவதால், நோயாளி மயங்கும் நிலையிலும் 98 என்று காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பிக் காத்திருக்காதீர்கள். கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரையும் வெளியே கொண்டுவந்து, 108ஐ அழையுங்கள்.

மலைப்பாதையில் எங்களிடம் வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். ஆகையால் முதலில் அருகிலுள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இவ்வாயு இரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் வேண்டும். இறுக்கமான முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். பணியிலுள்ள மருத்துவரிடம் "வீட்டில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது" என்று முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். அவர் உடனே ஆக்சிஜனைத் தொடங்குவார். வசதியிருப்பின் அப்போதே இரத்த மாதிரியும் எடுப்பார். பயணத்திற்குப் பின் எடுக்கும் இரத்தத்தில் அளவு குறைந்து காணப்படும். பாதிப்பு குறைந்துவிட்டதாக அதற்குப் பொருளில்லை. மறதி, தடுமாற்றம், மனநிலை மாற்றம் ஆகியவை சில வாரங்கள் கழித்தும் தோன்றக்கூடும் என்பதால், நலமாக வீடு திரும்பியவரையும் மறுபரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.