கோடரியும் வியர்வைத் துளியும்

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இளம்பிராயத்தினரின் குற்றங்களைப் பற்றி விசாரிக்க அமெரிக்க செனட் சபை அமைத்திருந்த உபகமிட்டியின் முன், நியூயார்க்கில் சாட்சி சொல்ல வந்த வில்லியம் கெயின்ஸ் என்னும் சித்திரக்கதைப் பிரசுரகர்த்தரிடம், ஒரு கையில் ரத்தம் தோய்ந்த கோடரியும் மறு கையில் ஒரு பெண்ணின் அறுபட்ட தலையுமாக ஒருவன் நிற்கும் அட்டைப்படத்தைக் காட்டி, இது நல்ல ரசனைதானா என்று செனட்டர் கீஃபாவர் கேட்டார். பயங்கரக் கதைக்கு இது தகும் என்றும், தலையை இன்னும் சற்று உயர்த்தி, ரத்தம் சொட்டுவது தெரியும்படி வரைந்திருந்தால்தான் ரசக்குறைவு என்றும் அவர் சாவதானமாக விடை பகர்ந்தார். மறுநாள் அது நியூயார்க் டைம்ஸின் முதற்பக்கத்தில் ஏறியது. பிறகு அந்தத் தொழிலுக்காகப் பரிந்து பேச நாதியில்லை.

அதே நாளில் சாட்சியமளித்த மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்த்தாமை வெறும் கூச்சல்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக 1946-இல் மருத்துவ நிலையம் தொடங்கியவர். பள்ளிகளில் நிறபேதம் குழந்தைகளின் மனத்தைச் சிதைக்கிறதென்று டெலவேர் வழக்கில் சாட்சி சொன்னவர். ஆயினும், சித்திரக்கதைகளே குற்றத்துக்கு வித்து என்று வாதிட்ட தம் நூலில், சிறுவர்களின் வாக்குமூலங்களைத் தம் கட்சிக்கு ஏற்றபடி அவர் திரித்திருந்தது, அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்த கரோல் டில்லி 2012-இல் எழுதிய கட்டுரையால் அம்பலமாயிற்று. அது பெருங்குற்றமே. ஆனால் அவர் வேண்டிய பரிகாரம் மிதமானது: பதினைந்து வயது நிரம்பாதவர்களுக்கு அவற்றை விற்கக் கூடாது என்று ஒரு சட்டம்.

அது கிடைக்கவில்லை. பீதியடைந்த பிரசுரகர்த்தர்கள் தாங்களே சங்கம் கூடி, தங்களுக்கே விதிகள் வகுத்து, ஒரு முத்திரையும் செய்துகொண்டார்கள். முத்திரையில்லாத கட்டுகளை விநியோகஸ்தர்கள் பிரிக்காமலே திருப்பியனுப்பினார்கள். வயது வந்தோரும் படித்துவந்த புத்தகங்கள் அனைத்தும் குழந்தைக்குரியவையாகவே இருக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கத்தரிக்கோல் எங்கே போய் நின்றது என்பதுதான் விசித்திரம். ஒரு கதையில், நிறத்தால் பிளவுண்ட இயந்திர மனிதர்களின் கிரகத்தைப் பார்வையிட வந்த பூலோகத்தான், அண்டக் குடியரசில் சேர அவர்கள் இன்னும் தகுதி பெறவில்லை என்று கூறித் திரும்புகிறான். விண்கலத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும்போது, அவன் கறுப்பினத்தவன் என்பது தெரிகிறது. முகத்தில் வியர்வை மின்னுகிறது. 1953-இல் வந்த இக்கதையைக் கெயின்ஸ் மறுபிரசுரம் செய்ய முற்பட்டபோது, அவன் கறுப்பினத்தவனாக இருக்கலாகாது என்றும், பின்னர் வியர்வையையாவது நீக்குக என்றும் விதிகாப்பாளர் வற்புறுத்தியதாக அவர் தரப்பினர் கூறினர். கெயின்ஸ் மசியாமல் கதையை இருந்தபடியே வெளியிட்டார். கோடரியைத் தடுக்கக் கொடுத்த அதிகாரம் வியர்வைத் துளியைத் துடைக்கப் புறப்பட்டது. அந்த அதிகாரம் பிறக்கக் காரணமாயிருந்தவரோ ஹார்லெமின் வைத்தியர்.

நம் பார்லிமெண்டும் 1956-இல் இளைஞர்க்குக் கேடு பயக்கும் பிரசுரங்களுக்கெதிராக, ஆறு மாதச் சிறைவாசம் வரை விதிக்கும் ஒரு சட்டத்தை இயற்றியது. அதன்படி இருபது வயது நிரம்பாதவரெல்லாம் இளைஞர். அச்சட்டத்தைக் கேள்விப்பட்ட புத்தகக் கடைக்காரர் எத்தனை பேரோ! திரைப்படத்துக்கு 2024-இல் ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயதுப்படிகள் வகுத்தது விவேகமான காரியம். ஆனால் அவை பெற்றோருக்கு வழிகாட்டும் குறிப்புகளே, சிறுவரைத் தியேட்டர் வாசலில் நிறுத்தும் அதிகாரம் 'ஏ' சான்றிதழுக்கு மட்டுமே உண்டு. வன்முறை மிகுந்த படத்தை எல்லோருக்குமாக வெட்டிக் குதறுவதினும், உரிய வயதினருக்கு முழுதாகக் காட்டி, மற்றவரை வாசலில் தடுப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். அந்த வேலையைச் செய்யும் டிக்கெட் பரிசோதகரோடு மல்லுக்கு நிற்பவர்கள், பெரும்பாலும் கைக்குழந்தையோடு வந்த பெற்றோர்களே.