ஒரு கிண்ணமும் ஒரு தாயின் கண்ணீரும்



அஸர் தொழுகை முடிந்ததும் எமது மாணவர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிடுவார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன் என்னிடம் வந்து, "ஹஸரத், ஆசியக் கிண்ணத்தை ஜப்பான் நான்கு தடவை எடுத்திருக்கிறது. ஈராக் ஒரே ஒரு தடவைதான். அப்படியென்றால் ஈராக் பெரிய அணி இல்லைதானே?" என்று கேட்டான். கணக்குப்படி அவன் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஒரு தடவை எப்படி வந்தது என்பது அவனுக்குத் தெரியாது. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஈராக் உதைபந்தாட்ட அணி ஆசியக் கிண்ணத்தில் முதன்முதலாக விளையாடியது 1972 இல். 1976 இல் நான்காம் இடத்தைப் பெற்றது. அதன் பின்னர் 20 ஆண்டுகள் அந்த அணியை இப்போட்டியில் காண முடியவில்லை. ஈரானுடன் எட்டாண்டு யுத்தம், குவைத் மீதான படையெடுப்பு, அதைத் தொடர்ந்த பொருளாதாரத் தடை என்று அந்த நாடு பட்ட துன்பங்கள் யாவும் இந்தக் காலப்பகுதிக்குள் அடங்கும். சதாம் ஹுஸைனின் மகன் உதையின் கையில் உதைபந்தாட்டம் இருந்த நாட்களில், தோற்று வந்த வீரர்கள் சிறையையும் அடி உதையையும் சந்தித்தார்கள். 1996 இல் மீண்டும் வந்த அணி, 1996, 2000, 2004 ஆகிய மூன்று போட்டிகளிலும் கால் இறுதியோடு வீடு திரும்பியது.

பிறகு வந்தது 2007. ஈராக்கில் ஸுன்னி, ஷீஆ என்று பெயர் கேட்டு, ஊர் கேட்டு மனிதர்கள் கொல்லப்பட்ட காலம் அது. அணிக்குச் சொந்த மண்ணில் சர்வதேசப் போட்டி நடத்த வழியில்லை. குடும்பத்தில் ஒருவரையேனும் பறிகொடுத்த வீரர்கள் அணியில் இருந்தார்கள். பயிற்றுவிப்பாளர் ஜோர்வான் வியேரா பிரேஸில் நாட்டவர். போட்டிக்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களே இருக்கும்போதுதான் அவர் பொறுப்பேற்றார்.

அணித் தலைவர் யூனுஸ் மஹ்மூத் கர்க்கூக் பகுதியைச் சேர்ந்த ஸுன்னி. கோல் காப்பாளர் நூர் ஸப்ரி ஷீஆ. ஹவார் முல்லா முஹம்மத் குர்திஷ் இனத்தவர். தெருவில் சந்தித்தால் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய காலத்தில், இவர்கள் ஒரே உடை அணிந்து நின்றார்கள். முதற் சுற்றில் அவுஸ்திரேலியாவை 3-1 என்று வென்றார்கள். கால் இறுதியில் வியட்நாமை 2-0 என்று வென்றார்கள். ஜூலை 25 ஆம் திகதி கோலாலம்பூரில் தென் கொரியாவுடன் நடந்த அரையிறுதி, கோல் எதுவுமின்றி பெனல்டி வரை சென்றது. நூர் ஸப்ரி ஓர் உதையைத் தடுத்தார். மற்றொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஈராக் 4-3 என்று வென்றது.

பக்தாத் மக்கள் வீதிக்கு வந்து மகிழ்ந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளே குண்டுகள் வெடித்தன. ஏறத்தாழ 50 பேர் மாண்டார்கள்.

இனி விளையாடத்தான் வேண்டுமா என்று வீரர்கள் கலங்கினார்கள். அப்போது, மகனைப் பறிகொடுத்த ஒரு தாயைத் தொலைக்காட்சியில் கண்டார்கள். கிண்ணத்தை வெல்லும் வரை என் பிள்ளைக்காக அழமாட்டேன் என்ற கருத்தில் அந்தத் தாய் பேசினார். அதன் பிறகு விலகுவது பற்றிய பேச்சே எழவில்லை.

ஜூலை 29 ஆம் திகதி ஜகார்த்தாவில் இறுதிப் போட்டி. எதிரே மூன்று முறை சம்பியனான சவூதி அரேபியா. இரண்டாம் பாதியில் ஹவார் மூலை உதையை அடிக்க, யூனுஸ் தலையால் முட்டி கோலாக்கினார். மறுமுனையில் நூர் ஸப்ரி கடைசி வரை ஒரு கோலும் விடவில்லை. குர்திஷ் காரர் அனுப்பிய பந்தை ஸுன்னி கோலாக்க, ஷீஆ அந்த வெற்றியைக் காத்தார். 1-0. ஈராக்கின் ஒரே ஆசியக் கிண்ணம் இதுதான்.

ஆனால் வாசகர்களே, கதை இத்துடன் இனிதே முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கிண்ணத்தை வென்று கொடுத்த அணித் தலைவரே, யாராவது தன்னைக் கொன்றுவிடக் கூடும் என்று அஞ்சி, அணியோடு பக்தாத் திரும்பவில்லை. கொலைகளும் அன்றோடு நிற்கவில்லை. ஒரு கிண்ணத்தால் ஒரு நாட்டின் புண்ணை ஆற்ற முடியாது.

அதன் பின்னர் 2011 இல் கால் இறுதி. 2015 இல் ஈரானுடன் 3-3 என்று சமநிலையாகி, பெனல்டியில் வென்று நான்காம் இடம். 2019 இல் கட்டாரிடம் தோல்வி. 2024 ஜனவரியில் கட்டாரில் நடந்த போட்டியில், ஜப்பானை 2-1 என்று வீழ்த்தி மூன்று முதற் சுற்று ஆட்டங்களையும் வென்றார்கள். அடுத்த சுற்றில் ஜோர்தானை எதிர்த்து ஐமன் ஹுஸைன் கோல் அடித்து, அணியை 2-1 என்று முன்னிலைப்படுத்தினார். அந்த மகிழ்ச்சியில் தரையில் அமர்ந்து புல் தின்பது போல் பாவனை செய்தார். நடுவர் இரண்டாவது மஞ்சள் அட்டையைக் காட்டி அவரை வெளியேற்றினார். பத்துப் பேராக நின்ற ஈராக், இறுதி நேரத்தில் இரண்டு கோல்களை வாங்கி 3-2 என்று தோற்றது. துயரத்தில் பொறுமை காத்தவர்களின் அணி, மகிழ்ச்சியில் பொறுமை இழந்து தோற்றது!

இவ்வளவையும் கேட்ட மாணவன் சற்று நேரம் மௌனமாக நின்றான். பிறகு, "அந்த உம்மா அழுதிருப்பாரா ஹஸரத்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

பெற்றோரே! பிள்ளைகள் பந்து விளையாடுவதை வீண் வேலை என்று விரட்டாதீர்கள். யாருக்குப் பந்தைக் கொடுக்கிறான், தோற்றால் எப்படி நடந்துகொள்கிறான், வென்றால் எப்படி நடந்துகொள்கிறான் என்று ஒருநாள் மைதான ஓரத்தில் நின்று பாருங்கள். பக்கத்துத் தெருப் பிள்ளைக்குப் பந்தைக் கொடுக்க இன்றே பழகட்டும். வளர்ந்த பின் பழக்குவது கடினம்.