ரயில் நகர்ந்ததைக் கைப்பேசி எப்படி அறிகிறது?

தெம்பனிஸ் நிலையத்துக்குள் ரயில் நுழைவதைக் கையை ஆட்டாமல் காணொளி எடுத்துப் பாருங்கள். கைப்பேசி பொதுவாக நொடிக்கு 30 படங்கள் எடுக்கும். அடுத்தடுத்த இரு படங்களில் பின்னாலுள்ள வீவக கட்டடங்கள் அப்படியே இருக்கும். ரயில் மட்டும் சற்று நகர்ந்திருக்கும். ஒவ்வொரு படத்தையும் முழுமையாகச் சேமித்தால் இடம் வீண்தானே?

அடிப்படை முறை இதுதான்: புதிய படத்தை 16க்கு 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் ஒத்த பகுதியை முந்தைய படத்தில் தேட வேண்டும். புள்ளிக்குப் புள்ளி ஒளி அளவைக் கழித்து, வேறுபாடுகளைக் கூட்டினால், மிகக் குறைந்த கூட்டுத்தொகை தரும் இடமே விடை. எவ்வளவு நகர்ந்தது என்ற குறிப்பையும் எஞ்சிய வேறுபாட்டையும் சேமித்தால் போதும்.

தேடல்தான் பெரிய வேலை. நாற்புறமும் 7 புள்ளிவரை தேடினால் 225 இடங்கள். இடத்துக்கு 256 கழித்தல்கள். ஆக, ஒரு கட்டத்துக்கே 57,600!

இதைக் குறைக்கும் 'வைரத் தேடல்' முறையை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஷான் ஜூ, காய்-குவாங் மா இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதலில் சாய்சதுர வடிவில் 9 இடங்கள் மட்டும் ஒப்பிடப்படும். சிறந்த இடம் ஓரத்தில் இருந்தால் சாய்சதுரம் அங்கே நகரும். நடுவில் இருந்தால், அருகிலுள்ள 4 இடங்களைப் பார்த்துத் தேடல் முடியும். அசையாத கட்டத்துக்கு 13 ஒப்பீடுகளே!

ஆனால் கவனியுங்கள். ஒரே மாதிரி சன்னல்கள் வரிசையாக உள்ள ரயில் பெட்டியில், தேடல் பக்கத்துச் சன்னலைப் பிடித்துக்கொள்ளலாம். எஞ்சிய வேறுபாடும் சேமிக்கப்படுவதால் படம் கெடாது. அந்த எண்ணை வைத்து ரயிலின் வேகத்தைக் கணக்கிட்டாலோ விடை தவறாகிவிடும். கணினி கண்டுபிடிப்பது மிகவும் ஒத்த கட்டத்தை. அது எப்போதும் உண்மையான அசைவாக இருப்பதில்லை.