காபி மெஷினிலேயே கிரைண்டர்... வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி எது?

காலை 6 மணி. பட்டனைத் தட்டியதும் மிக்ஸி ஓடுவதுபோல 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை சிணுங்குகிறது. அடுத்த நிமிடமே வீடு முழுக்க காபி வாசம். கிரைண்டரும் சேர்ந்தே வரும் காபி மெஷின் உள்ள வீடுகளில் பொழுது ஏறக்குறைய இப்படித்தான் விடியும்.

கஃபேயில் தினமும் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கலாமே என்று கணக்குப் போட்டு, இந்த மெஷினை ஆன்லைன் கார்ட்டில் போட்டு வைத்திருப்பவரா நீங்கள்? பல மாடல்களின் விலை அரை லட்சம் ரூபாயைத் தாண்டும். எனவே, வாங்கிய பிறகு அதனுடன் வாழ்வது எப்படி இருக்கும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அப்போதே அரைப்பதில் என்ன லாபம்?

காபிக்கு மணம் தருபவை எளிதில் ஆவியாகும் சேர்மங்கள். வறுத்த கொட்டை முழுசாக இருக்கும்வரை அவை ஓரளவு பத்திரமாக இருக்கும். அரைத்ததும் காற்று படும் பரப்பு பல மடங்கு கூடுவதால் மணம் வேகமாகப் போய்விடும். தெருமுனைக் காபிப்பொடி கடையில் கண் முன்னே அரைத்து, சூடு ஆறும் முன் வீட்டுக்குக் கொண்டுவருகிற பழக்கத்துக்கும் இதுதான் காரணம். மெஷின் அந்தக் கடையையே கிச்சன் மேடைக்குக் கொண்டுவருகிறது.

உள்ளே என்ன நடக்குது?

இதில் மிக்ஸி மாதிரி பிளேடு கிடையாது. 'பர்' எனப்படும், பற்கள் கொண்ட இரண்டு பாகங்களுக்கு நடுவே கொட்டை நசுங்கி, சீரான தூளாகிறது. டபுள் எஸ்பிரெஸ்ஸோ என்றால் சுமார் 18 கிராம் தூள், 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான தண்ணீர், 9 பார் அழுத்தம், 25 முதல் 30 விநாடி. இதுதான் பொதுவான கணக்கு. பெட்டியில் '15 பார்' என்று பெரிதாகப் போட்டிருந்தால், அது பம்ப்பின் அதிகபட்சத் திறன். காபி இறங்க 9 பார் போதும்.

முதல் பாக்கெட் பீன்ஸ் பரிசோதனைக்கே செலவாகும். காபி மடமடவென வழிந்து புளித்தால் இன்னும் நைஸாக அரைக்கணும். சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசந்தால் கொஞ்சம் கொரகொரப்பாக்கணும். பீன்ஸ் மாறினால் மறுபடியும் அட்ஜஸ்ட் செய்ய வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் வராத வேலைகள்

* காபிச் சக்கை விழும் பெட்டியையும் கீழே உள்ள தண்ணீர்த் தட்டையும் தினமும் காலி செய்யணும். அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது பூஞ்சை வரவேற்கும்.

* பால் நுரைக்கும் குழாயை ஒவ்வொரு முறையும் உடனே துடைக்கணும். காய்ந்துபோன பால் குழாயை அடைத்துவிடும்.

* எண்ணெய் மினுங்கும் டார்க் ரோஸ்ட் பீன்ஸ் கிரைண்டரில் ஒட்டும். சென்னை போன்ற ஈரப்பதமான ஊரில் தூள் கட்டியாகி வழியை அடைக்கவும் வாய்ப்புண்டு. பிரஷ்ஷால் சுத்தம் செய்யணும். கிரைண்டருக்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது.

* போர் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்பு படியும். மெஷின் நினைவூட்டும்போது 'டீஸ்கேல்' செய்வதைத் தள்ளிப்போடாதீங்க.

ஃபில்டர் காபி வருமா?

பெற்றோருடன் வசிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. டிகாக்ஷன் ஈர்ப்பு விசையில் மெதுவாகச் சொட்டுவது. எஸ்பிரெஸ்ஸோ அழுத்தத்தில் அரை நிமிடத்தில் இறங்குவது. சுவை வேறு, திடம் வேறு.

சிக்கரி இன்னொரு சிக்கல். அது காபிக் கொட்டையே இல்லை; வறுத்த வேர். பீன்ஸ் போடும் இடத்தில் அதைப் போடக் கூடாது. சிக்கரி கலந்த பொடியும் ஈரம் பட்டால் பிசுபிசுத்து வடிகட்டியை அடைக்கலாம். மெஷின் பாலைப் பொதுவாக 60-65 டிகிரி வரைதான் சூடாக்கும். கொதிக்கும் பாலில் கலந்து டபராவில் ஆற்றிக் குடித்துப் பழகிய அம்மா, முதல் வாயிலேயே "என்னடா, ஆறிப்போச்சு?" என்பார்.

கிரைண்டர் கெட்டுப்போனால்?

ஒரே உடம்பில் இரண்டு மெஷின் என்பது இடத்துக்கு வசதி. ரிப்பேருக்கு வசதி இல்லை. கிரைண்டர் மக்கர் செய்தால் மொத்த மெஷினும் சர்வீஸ் சென்டருக்குப் போகணும். சில மாடல்களில் அரைத்த பொடியைப் போடத் தனி வழி இருக்கும். அது இருக்கிறதா, உங்கள் ஊரில் சர்வீஸ் கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள். மேடையில் இடம் இருந்தால், தனி கிரைண்டரும் தனி மெஷினும் வாங்குவது இன்னொரு வழி. ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும்.

அப்போ வாங்கலாமா?

தினமும் இரண்டு மூன்று கப் குடிப்பவர், சுவையைத் தேடிப் பரிசோதனை செய்யப் பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால், விலையைக் கேட்கும் முன் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: 'தினமும் சக்கையை யார் கொட்டுவது?'

பதில் 'அம்மா' என்றால், கார்ட்டிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. 'நான்' என்றால் ஆர்டர் போடலாம். அப்போதும் பழைய எவர்சில்வர் ஃபில்டரைப் பரணில் ஏற்றிவிடாதீங்க. மெஷின் சர்வீஸுக்குப் போகும் வாரத்தில் கைகொடுக்கப் போவது அதுதான்.