பெயரிட இயலா இசை

போடிநாயக்கனூருக்குத் தெற்கே, ஏலமலைச் சாரலின் அடியில் அமைந்த சிற்றூர் பண்ணைப்புரம். அங்குப் பிறந்த இளையராஜா, தமையனார் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர்தோறும் சென்று நாட்டுப்புற இசையில் தோய்ந்தார். பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையைக் கற்றார். அவர் 1986-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு ‘ஹவ் டு நேம் இட்’. தியாகராசருக்கும் செருமானிய இசைமேதை பாக்கிற்கும் அதனைக் காணிக்கையாக்கினார்.

மேலை இசையில் பல சுரங்கள் ஒருங்கே ஒலித்து ஒத்திசைவைத் தரும். ஆதலின் ஒவ்வொரு சுரமும் தன் நிலையில் நிற்றல் வேண்டும். கருநாடக இசையிலோ சுரம் கமகத்தால் அசையும். அசைவு நின்றால் இராகம் வாடும். அளவின்றி அசைந்தால் ஒத்திசைவு குலையும்.

இச்சிக்கலுக்கு வயலின் வழிகாட்டியது. பியானோவின் கட்டை குறித்த சுரத்தையே ஒலிக்கும்; வயலினிலோ விரல் தந்தியின்மேல் வழுக்கிச் செல்லும். இத்தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் இராகத்தைப் பாட, பிற நரம்புக்கருவிகள் ஒத்திசைவால் அதனைத் தாங்குகின்றன.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் புனைவியல் காலத்தில், வயலினும் பியானோவும் உரையாடும் சிற்றரங்க இசை செழித்தது. தன் இயல்பை இழவாமல் பிறிதொரு குரலுக்குச் செவிசாய்ப்பதே அதன் அழகு. அவ்வழகு இத்தொகுப்பிலும் உண்டு. நம் இசையா, அயல் இசையா என வினவுவோர்க்கு, இதன் தலைப்பே மறுவினாவாக நிற்கிறது.