முகம் வெளுக்கிறது, சிறுநீரகம் கெடுகிறது!

பண்டிகைக்கு முந்தைய வாரம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊருக்குப் போகும் நம்மவர்கள் முதலில் வேட்டி சேலை எடுப்பார்கள். பிள்ளைகளுக்குப் பலகாரம் கட்டுவார்கள். நாகர்கோவில் வண்டிக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடுகிற ஓட்டத்தில், ஒரு பேன்சி கடையில் நின்று, தங்கைக்கோ வீட்டுக்காரிக்கோ முகம் வெளுக்கும் கிரீம் கேட்பார்கள். "அண்ணாச்சி, சீக்கிரம் வெளுக்கிறது எது?" என்பதுதான் கேள்வி.

அந்தச் சீக்கிரத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேர் ஒரே மாதிரியான சிறுநீரகக் கோளாறுடன் வந்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, உடம்பில் நிற்கவேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறும் நோய் அது. அவர்களில் 15 பேருக்கு இருந்தது அதிலும் அபூர்வமான வகை. டாக்டர்கள் துருவி விசாரித்தபோது, அந்த 15 பேரில் 13 பேர் நோய் வருமுன் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது! ஒருவருக்கு மூளையின் ரத்தக் குழாயிலேயே ரத்தம் உறைந்துவிட்டது. கிரீமை நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது என்பது ஆறுதல்.

குற்றவாளி பாதரசம். தோலுக்குக் கருமை தரும் பொருள் உண்டாவதை அது தடுக்கிறது. ஆகவே முகம் வெளுப்பது உண்மைதான். ஆனால் பூசியது தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. ஆவியாகவும் கிளம்புகிறது. பூசுகிறவள் தாயானால், மடியில் கிடக்கும் குழந்தைக்கும் அதில் பங்கு உண்டு.

முகப்பூச்சில் பாதரசம் தற்செயலாகக் கலந்தால்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது இந்தியச் சட்டம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் சோதனையில் இறங்கியது. சில லிப்ஸ்டிக், முகக் கிரீம்களில் அனுமதித்த அளவைப் போல் 12,000 மடங்கு பாதரசம் இருந்ததாக, சுகாதார அமைச்சராக இருந்த வீணா ஜார்ஜ் 2025-ல் அறிவித்தார்.

எல்லாக் கடைக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. வாங்குகிறவர் டப்பாவைத் திருப்பிப் பார்க்கவேண்டும். தயாரித்தவர் பெயர், விலாசம், லைசென்ஸ் நம்பர், காலாவதித் தேதி இல்லாவிட்டால் வைத்துவிட்டு வரலாம். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதிப் பதிவு எண் இருக்கவேண்டும். 'தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது' என்று அச்சடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பாதரசம் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் என்பது நகை ஆசாரி எவருக்கும் தெரிந்த சங்கதி. நகைக்கு ஆகாதது முகத்துக்கு மட்டும் ஆகுமா?

கிரீமைத் தாண்டி இப்போது வெளுப்பு ஊசியும் வந்துவிட்டது. குளூட்டாதயோன் என்ற மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். நிறத்துக்காக இதைப் போடுவது ஆபத்து என்று பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துத் துறை 2011-லேயே எச்சரித்துவிட்டது.

ஏற்கெனவே பூசி வருபவர்கள் கவனிக்க வேண்டியது: கால் வீக்கம், காலையில் கண் இமை உப்புதல், சிறுநீர் சோப்பு நுரைபோல் நுரைத்தல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகவேண்டும். வலி இருக்காது; வலிக்கட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். பூசிய கிரீம் டப்பாவை வெட்கப்பட்டு எறிந்துவிடாமல், இறுக மூடி, பிளாஸ்டிக் உறையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.