கட்டில் அருகே அமர்ந்து கேட்பதும் ஒரு கல்விதான்: மருத்துவமனை ஆன்மீகத் துணையாளர் ஆவது எப்படி?

போர்ட் கிள்ளான் - நோய் முற்றிய நிலையில் ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்கிறார். மருத்துவர் வந்து மருந்தை மாற்றுகிறார். தாதியர் இரத்த அழுத்தம் பார்க்கின்றனர். மாலையில் உறவினர்கள் பழங்களுடன் வந்து, “ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகிவிடும்” என்று தைரியம் சொல்லிவிட்டுப் போகின்றனர்.

ஆனால், “நான் பிழைப்பேனா? எனக்குப் பிறகு பிள்ளைகள் ஒற்றுமையாக இருப்பார்களா? செய்த பாவத்துக்குத்தான் இந்த நோயா?” என்று அவர் மனத்தில் ஓடும் கேள்விகளை யாரிடம் கேட்பது?

அந்தக் கேள்விகளுக்குக் காது கொடுப்பதையே பணியாகக் கொண்டவர்கள் பல நாட்டு மருத்துவமனைகளில் இருக்கின்றனர். ஆங்கிலத்தில் ‘சேப்ளின்’ எனப்படும் இவர்களைத் தமிழில் மருத்துவமனை ஆன்மீகத் துணையாளர் எனலாம். பக்தியும் நல்ல மனமும் இருந்தால் மட்டும் இந்தப் பணிக்குப் போதாது. அதற்கென்று முறையான பயிற்சி உண்டு.

நோயாளியே பாடநூல்

இந்தப் பயிற்சியைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர், ஒரு காலத்தில் தாமே நோயாளியாக இருந்தவர். அமெரிக்கப் போதகரான அன்டன் பாய்சன், 1920-ஆம் ஆண்டு கடும் மனநலப் பாதிப்புக்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குணமடைந்து வந்தபின், 1924-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்மீகத் துணையாளராகப் பணியில் சேர்ந்தார்.

மறு ஆண்டே, 1925-இல், இறையியல் மாணவர்கள் நால்வரை அங்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார். நூல்களை வாசிப்பது போலவே, துன்பப்படும் மனிதரையும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. இன்று உலகின் பல நாடுகளில் நடைபெறும் மருத்துவமனை ஆன்மீகப் பராமரிப்புப் பயிற்சி இப்படித்தான் வளர்ந்தது.

அமெரிக்க முறையில் இந்தப் பயிற்சியின் ஓர் அலகு குறைந்தது 400 மணி நேரம். அதில் பெரும்பகுதி நோயாளிகளுடன் கழியும். எஞ்சிய நேரம் வகுப்பு, குழுக் கலந்துரையாடல், மேற்பார்வையாளருடன் தனிச் சந்திப்பு எனப் போகும். முழுச் சான்றிதழ் பெற விரும்புவோர் இத்தகைய நான்கு அலகுகளை, அதாவது 1,600 மணி நேரத்தை முடிக்க வேண்டும்.

சொன்னதைச் சொன்னபடி எழுதுவது

பயிற்சியின் கடினமான பகுதி ஒரு காகிதத்தில்தான் இருக்கிறது. நோயாளியைப் பார்த்துவிட்டு வந்த பயிற்சியாளர், அவர் என்ன சொன்னார், தாம் என்ன பதில் சொன்னோம் என்பதை நினைவில் இருந்து அப்படியே எழுத வேண்டும். இடையில் வந்த மௌனம், முகம் திருப்பியது, கண் கலங்கியது என எதையும் விடக்கூடாது. பிறகு அதைக் குழுவின் முன் வாசிக்க வேண்டும். 1930-களில் ரசல் டிக்ஸ் என்ற போதகர் வழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது.

நம் சூழலுக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

முதியவர்: “போதும்மா. முருகன் கூப்பிட்டா நான் போயிடுவேன்.”

பயிற்சியாளர்: “அப்படியெல்லாம் பேசக்கூடாது ஐயா. நீங்க நூறு வயசு இருப்பீங்க.”

முதியவர்: (சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.)

பார்வைக்கு இது அன்பான பதில்தான். ஆனால், “இந்தப் பதிலால் ஆறுதல் அடைந்தது யார்?” என்று மேற்பார்வையாளர் கேட்பார். முதியவர் மரணத்தைப் பற்றிப் பேச வாசலைத் திறந்தார். பயிற்சியாளர் தம் பயத்தால் அதை மூடிவிட்டார். “எது போதும்னு தோணுது ஐயா?” என்று கேட்டிருந்தால் அவர் மேலும் பேசியிருக்கக்கூடும்.

இப்படி ஒவ்வொரு முறையும் தம் பயம், தம் அவசரம், அறிவுரை சொல்லும் பழக்கம் ஆகியவற்றைப் பயிற்சியாளர் கண்டுகொள்கிறார். அவர் முதலில் கற்பது தம்மைப் பற்றித்தான்.

மதம் மாற்ற வருகிறார்களா?

அறிமுகம் இல்லாத ஒருவர் பிரார்த்தனை செய்யக் கட்டில் அருகே வந்தால் நம் குடும்பங்களில் எழும் முதல் சந்தேகம் இதுதான். இப்பயிற்சி கிறிஸ்துவப் பின்னணியில் தோன்றியதும் அதற்கு ஒரு காரணம்.

இதற்குப் பயிற்சியின் பதில் தெளிவானது. நோயில் கிடப்பவர் எதிர்த்துப் பேசும் நிலையில் இல்லை. அந்த நிலையைப் பயன்படுத்தி நம்பிக்கையைத் திணிப்பது தவறு. வட அமெரிக்க ஆன்மீகத் துணையாளர் அமைப்புகள் 2004-இல் ஏற்றுக்கொண்ட பொது நெறிமுறையும் இதையே வலியுறுத்துகிறது. நோயாளி திருநீறு கேட்டால் அதற்கு ஏற்பாடு செய்வதும், பிரார்த்தனையே வேண்டாம் என்றால் சும்மா அமர்ந்திருப்பதும் துணையாளரின் கடமை.

பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் இன்று இந்து, இஸ்லாமிய, சீக்கிய, பௌத்தத் துணையாளர்களும், மதச் சார்பற்றவர்களும் பணியாற்றுகின்றனர்.

நம் பக்கத்தில்

தமிழ்நாட்டில், 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆன்மீகப் பராமரிப்புக்கென்று தனித்துறை உள்ளது. அங்கு இத்துறையில் பயிற்சியும் அளிக்கப்படுகிறது.

மலேசியாவில் இந்தத் தேவையை நோய்த்தணிப்புப் பராமரிப்பின் வழியாகப் புரிந்துகொள்ளலாம். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் பராமரிப்பு இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், தீராத நோயாளியின் வலிக்கு உடல், மனம், குடும்பம், ஆன்மா என நான்கு முகங்கள் உண்டு என்றார். உலகச் சுகாதார நிறுவனத்தின் விளக்கத்திலும் ஆன்மீகப் பராமரிப்பு இடம்பெற்றுள்ளது. நம் சுகாதார அமைச்சும் 2019 முதல் 2030 வரைக்கான தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வகுத்துள்ளது. 1991-இல் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று இலவசமாகப் பராமரிப்பு வழங்குகிறது.

போர்ட் கிள்ளான், பண்டமாரான் வட்டார மக்களுக்குக் கடும் நோய் என்றால், பலரும் செல்வது கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு. துறைமுகத்திலும் தோட்டங்களிலும் உழைத்து ஓய்ந்த நம் முதியவர்கள் வயிற்று வலியை மலாயில் சொல்லிவிடுவார்கள். பயத்தையும் குற்ற உணர்வையும் சொல்லத் தாய்மொழிதான் வேண்டும். தமிழில் கேட்கத் தெரிந்த, கேட்கப் பயின்ற காதுகள் நமக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

முழுநேரப் பயிற்சிக்குச் செல்ல எல்லோராலும் முடியாது. பராமரிப்பு இல்லங்களில் தன்னார்வலராகச் சேர்வது முதல் படி. 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ், மனத்துயரில் இருப்போரின் குரலைத் தொலைபேசியில் கேட்கத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகிறது. ஆலய, பொது இயக்கப் பொறுப்பாளர்களும் தங்கள் இளைஞர்களை இதற்கு ஊக்குவிக்கலாம்.

நோயாளியைப் பார்க்கச் செல்லும் எவரும் இன்றே கடைப்பிடிக்கக்கூடிய சில பாடங்களும் இதில் உண்டு:

• நிற்காமல், நோயாளியின் கண் மட்டத்தில் அமர்ந்து பேசுங்கள்.

• இன்னொருவருக்கு வந்த நோயின் கதையைச் சொல்லாதீர்கள்.

• “கர்மா”, “கடவுள் சோதனை” என்று காரணம் கற்பிக்காதீர்கள்.

• பிரார்த்தனை செய்யும் முன் அனுமதி கேளுங்கள்.

• அவர் அழுதால் உடனே தடுக்காதீர்கள். மௌனமாக இருந்தால் நீங்களும் சற்று மௌனமாக இருங்கள்.

• அவர் சொன்னதை வெளியில் சென்று பேசாதீர்கள்.

அடுத்த முறை வார்டுக்குச் செல்லும்போது, “எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்வதற்கு முன், “இப்போ உங்களுக்கு எது பெரிய கவலையா இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காத்திருங்கள்.